இருநூற்று நாற்பது அட்டைகள்

1967 மார்ச் பதினைந்து, புதன்கிழமை, காலை பதினொன்று பத்து. செம்பூர் தொழிற்சாலையின் புதுக் கம்ப்யூட்டர் அறையில் டைரக்டர்கள் வந்து உட்கார்ந்தார்கள். மெஷினுக்காகப் போட்ட குளிர் அது. விசாலாக்ஷி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். முன்னால் துளையிட்ட அட்டைகள். ஒரு தொழிலாளிக்கு ஒன்று வீதம் இருநூற்று நாற்பது.

மெஷின் அவற்றைப் படித்து, யாருக்கு எந்த நாள் எந்த ஷிஃப்ட் என்று ஒரு வாரப் பட்டியலை அச்சடிக்க வேண்டும். அச்சடித்தால் அவளுக்கு வேலை நிரந்தரம். கடிதம் மானேஜரின் மேஜையில் கையெழுத்துக்குக் கிடந்ததை அவளே பார்த்திருந்தாள்.

ப்ரோகிராம் அவள் எழுதியது. அதற்கு ஷிஃப்ட் போடத் தெரியாது. ஐந்து வாரம் முயன்றாள். ஒரே ஆளை ஒரே நாளில் இரண்டு ஷிஃப்டில் போட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருவரையும் போடவில்லை. மானேஜரிடம் சொன்னாள்.

"டெமோவில் ஓடினால் போதும்" என்றார். "மீதியை அப்புறம் எழுதலாம்."

போன ஞாயிறு மாட்டுங்காவில் ஜகந்நாதன் வீட்டு மாடி ஏறினாள். ஷிஃப்ட் செக்‌ஷனின் ஹெட் கிளார்க். பதினெட்டு வருஷமாகப் பட்டியலைக் கையால் போடுகிறவர். கம்பெனியில் இடம் காலியிருக்கிறது என்று அவளுக்குச் சொன்னவரும், அவள் விண்ணப்பத்தை மானேஜரிடம் கொண்டுபோய்க் கொடுத்தவரும் அவர்தான்.

"மெஷின் போடறது சரியான்னு ஒத்துப் பாக்கணும் மாமா. இருபதாம் தேதி வாரத்துக்கு நீங்க ஒண்ணு போட்டுத் தாங்கோ."

"பரீட்சையா? எனக்கா, அதுக்கா?"

"அதுக்குத்தான்."

"அப்போ மார்க் நான்தான் போடுவேன்."

கார்பன் வைத்து எழுதினார். இரண்டு மணி நேரம் நிமிரவில்லை. எந்தக் குறிப்பையும் பார்க்கவில்லை. காபி ஆறி ஆடை கட்டியது.

அந்தப் பட்டியலைத்தான் திங்களும் செவ்வாயும் அட்டைகளில் துளையிட்டார்கள். மெஷின் அதை வாசித்து அப்படியே அச்சடிக்கும். யோசிக்கிறது என்று தோன்றுவதற்காக, முதல் நாற்பது விநாடி விளக்குகள் மட்டும் மின்னும்படி எழுதியிருந்தாள்.

பொத்தானை அழுத்தினாள். விளக்குகள் மின்னின. டைரக்டர்கள் முன்னால் சாய்ந்தார்கள். பிறகு அச்சு இயந்திரம் தடதடத்தது.

சரிபார்க்க ஃபோர்மன் பூதத்தானை வரவழைத்திருந்தார்கள். தாராவிக்காரர். தாளில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். விரல் நின்றது.

"ஏம்மா, பங்குனி உத்திரத்துக்கு எனக்கு லீவு விழுந்திருக்கே. மெஷினு சாமி கும்பிடுமோ?"

அவர் விரல் இன்னும் கீழே இறங்கியது.

"ஹமீதுக்கும் சலாவுதீனுக்கும் வெள்ளிக்கிழமை ரெண்டாவது ஷிஃப்டு, மூணு மணிக்கு மேல. மத்தியானம் அவங்க தொழுவப் போவாங்கன்னு இதுக்கு யாரு சொன்னா? நம்ம ஜகந்நாதன் சாமி போட்டது மாதிரில்லா இருக்கு!"

துளையிடும்போது அவள் எண்களைத்தான் பார்த்திருந்தாள்.

"என்ன சொல்கிறார்?" பெரிய டைரக்டர் ஆங்கிலத்தில் கேட்டார்.

மானேஜர் மொழிபெயர்த்தார். ஜகந்நாதன் பெயரை விட்டுவிட்டார்.

"பண்டிகையும் தொழுகையுமா? இதைக்கூட யோசிக்கிறதா?" டைரக்டர் எழுந்து வந்து மெஷினைத் தட்டிக் கொடுத்தார். "இப்போது இந்த வேலைக்கு எத்தனை பேர்?"

"மூன்று பேர்" என்றார் மானேஜர்.

"இனிமேல்?"

மானேஜர் அவளைப் பார்த்தார்.

"யாரும் வேண்டாம், சார்" என்றாள்.

பூதத்தானுக்கு ஆங்கிலம் தெரியாது. எல்லோரும் கை தட்டியபோது அவரும் தட்டினார்.

நான்கு மணிக்கு அவளுடைய கடிதம் வந்தது. மானேஜரே கொடுத்தார். "இருபத்தேழாம் தேதி வாரத்துப் பட்டியல் அடுத்த வியாழக்கிழமைக்குள் வேண்டும். மெஷினில்."

"சார், ப்ரோகிராம் இன்னும்…"

"டைரக்டர்கள் பார்த்தாயிற்று அம்மா."

ஐந்தே முக்காலுக்கு செம்பூர் ஸ்டேஷனில் ஜகந்நாதன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் கார்பன் பிரதி. அதன் மேல் சிவப்புப் பென்சில். சட்டைப் பையில் நீளமான கம்பெனி உறை துருத்திக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் போக வழியில்லை. அவர் பார்த்துவிட்டார்.

"வாம்மா. ஒனக்குப் பெர்மனென்ட் ஆயிடுத்தாமே. அப்பா கேட்டா சந்தோஷப்படுவார்."

அவள் தலையசைத்தாள்.

"எங்க மூணு பேருக்கும் இந்த மாசத்தோட சரியாம்." உறையைத் தொட்டுக் காட்டினார். "மெஷின் போட்டதை எனக்குக் காட்டவே இல்லை. மார்க் போடறதுக்குப் பென்சில்கூடச் சீவி வச்சிருந்தேன்."

குர்லா வண்டி வந்து நின்றது. அவர் எழுந்திருக்கவில்லை. கார்பன் பிரதியையும் பென்சிலையும் அவளிடம் நீட்டினார்.

"மறைக்காம சொல்லு, விசாலம். நான் போட்டதுல அது எத்தனை தப்பு கண்டுபிடிச்சுது?"