தரகர் தக்காளி

கொழுந்தனுக்கு ஒரு திறமை உண்டு என்பதை அவள் என்றும் மறுத்ததில்லை. வீட்டுத் தரகு அவன் தொழில். ஒரு முழ ஜன்னலைத் திறந்து, இங்கே நின்றால் கடல் தெரியும் என்பான். வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, ஆமாம், தெரிகிறது என்பார்கள். கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

தக்காளி விஷயத்திலும் அப்படித்தான் ஆனது.

தக்காளி அவளுடையது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ்களை ஃப்ரேமுக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. பத்து வருடங்களுக்கு முன், அந்தக் கடையின் பின்சுவரை ஒட்டிய சாக்கடை மூடியின் விரிசலில் ஒரு தக்காளிச் செடி தானாக முளைத்தது. யாரோ தின்று துப்பியது. மற்றவர்கள் மிதித்துப் போனார்கள். அவள் நான்கு செங்கல்லை எடுத்துச் சுற்றிலும் வைத்தாள். பழம் சப்பையாக, வரிவரியாக, காம்புப் பக்கம் பச்சை மாறாமல் வந்தது. இலை விளிம்பில் வெட்டே இல்லை. உருளைக்கிழங்கு இலை போல மழுங்கலாக இருந்தது. பார்க்க லட்சணமில்லை. ஒன்றைக் கடித்தவள், கொண்டுவந்த மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, நின்றபடியே மீதி மூன்றையும் தின்றாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் விதை எடுத்தாள். இரண்டாம் மாடி வீட்டின் பால்கனியில் ஆறு தொட்டி. செடிகளில் நோய் நொடி இல்லாத ஒன்றுக்கு நூல் கட்டி அடையாளம் வைப்பாள். அதன் பழம் தொட்டால் உடையும் அளவுக்குக் கனியும்வரை யாரையும் கிட்டே விடமாட்டாள். பிறகு அறுத்து, விதையை வழவழப்போடு கண்ணாடி டம்ளரில் பிழிந்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு மூன்று நாள் வைப்பாள். மேலே வெள்ளையாக ஆடை படரும். வீடு நாறும். கணவர் மூக்கில் கைக்குட்டையோடு நடமாடுவார். மூன்றாம் நாள் தண்ணீரைச் சாய்த்தால் பதரெல்லாம் மிதந்து போய்விடும், நல்லது அடியில் நிற்கும். அதை டீ வடிகட்டியில் அலசி, பீங்கான் தட்டில் பரப்பி, நிழலில் பத்து நாள். இடையிடையே விரலால் கிளறி விடவேண்டும். கடைசியில், ஃப்ரேம் திருகாணி போட்டு வைக்கும் சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு, தேதி எழுதுவாள்.

கொழுந்தன் செய்தது, வருடத்துக்கு ஒருமுறை கையை நீட்டியது.

அவன் அதே கட்டடத்தின் மேல்மாடியில் தனியாக இருந்தான். கதவைத் திறந்தால் மொட்டைமாடி. அவள் பால்கனியில் வெயில் மூன்று மணி நேரம் என்றால் அங்கே நாள் முழுக்க. அவள் செடியில் எட்டுப் பழம் என்றால் அவன் செடியில் நாற்பது. அந்த நாற்பதையும் கூடையில் அடுக்கிக்கொண்டு, வீடு வீடாக மணியடித்துக் கொடுப்பான். முதல் வருடம், அண்ணி கொடுத்த விதை என்றான். அடுத்த வருடம், வீட்டு விதை என்றான். மூன்றாம் வருடத்திலிருந்து விதையைப் பற்றிய பேச்சே இல்லை. தக்காளி அவன் நெற்றி வேர்வையிலிருந்து நேராக முளைத்தது.

போன வருடக் குடியிருப்போர் கூட்டத்தில் அது உச்சத்துக்குப் போனது. வண்டி நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, குப்பை எல்லாம் பேசி முடித்த செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நம் கட்டடத்துக்கே பெருமை சேர்த்த ஒரு ரகம் என்று ஆரம்பித்தார். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். நலம் விசாரிப்பதைக்கூட அறிக்கை வாசிப்பது போலத்தான் செய்வார். இனி இதற்குத் தரகர் தக்காளி என்று பெயர் என்று அறிவித்தார். கைதட்டினார்கள். கொழுந்தன் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, எல்லாம் உழைப்பு என்றான். கடைசி வரிசையில் இருந்த அவளும் தட்டவேண்டியிருந்தது. பக்கத்தில் கணவர் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்தை என் பேரைச் சொன்னா உங்க தம்பிக்கு வாய் வெந்துடுமா?" என்று படியேறும்போது கேட்டாள்.

"உன் பேரை வெச்சா தக்காளியை யார் தின்பாங்க" என்றார் கணவர். நகைச்சுவை என்று நினைத்துச் சொன்னது. அந்த வாரம் முழுக்க அவரே சமைத்துச் சாப்பிட்டார்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அதே நாற்காலிகளில் உட்கார்ந்த அதே ஆட்களுக்கு, அது யாருடைய தக்காளி என்று தெரியவேண்டும். தானே எழுந்து சொல்லலாம். ஆனால் என் தக்காளி, என் தக்காளி என்று கூட்டத்தில் நின்று கத்துகிறவளாக அவள் தயாராக இல்லை. அவனாகவே எல்லோர் முன்னாலும் மண்ணைக் கவ்வவேண்டும்.

விதைக்கும் பருவம் வந்தது. கொழுந்தனும் வந்தான். செருப்பைக் கழற்றும்போதே பேச்சு தொடங்கிவிட்டது. இந்த வருடம் பதினாலு தொட்டியாம். சொட்டுக் குழாய் போடப்போகிறானாம். செயலாளர் படம் எடுத்துக் கட்டடத்து வாட்ஸப் குழுவில் போடுவதாகச் சொல்லியிருக்கிறாராம். பிறகு கையை நீட்டினான்.

"நம்ம விதை, அண்ணி."

நம்ம. அவள் உள்ளே போய் ஓர் உறையை எடுத்துவந்து கொடுத்தாள்.

அதில் இருந்தது சூப்பர் மார்க்கெட் தக்காளியின் விதை. ஒரு மாதம் ஃப்ரிட்ஜில் கிடந்தாலும் முகம் வாடாத ஜாதி. கீழே போட்டால் எகிறும். வாயில் போட்டால் நனைந்த அட்டை. அது வீரிய ஒட்டு ரகம் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு ஜாதியைக் கலந்து, ஒரே ஒரு தலைமுறைக்கு மட்டும் அழகாக நிற்க வைத்தது. அதன் விதையைப் போட்டால் பிள்ளைகள் தாயைப் போல வராது, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் இழுக்கும். ஆனால் அந்த விதையையும் அவள் முறைப்படிதான் எடுத்திருந்தாள். மூன்று நாள் நாற்றம், வடிகட்டி, பீங்கான் தட்டு, பத்து நாள் நிழல். அரைகுறையாகச் செய்ய அவளுக்குக் கை வராது. ஏமாற்றுவதென்றாலும் முளைக்கிற விதையைக் கொடுத்துத்தான் ஏமாற்றவேண்டும்.

பதினாலும் முளைத்தன. துணி காயப்போடும் சாக்கில் வாரம் ஒருமுறை மேலே போய்ப் பார்த்து வந்தாள். மனம் நிறைந்தது. ஒன்று பட்டாணி பட்டாணியாகக் காய்த்தது. ஒன்றுக்கு மூக்கு நீண்டது. ஒன்று மஞ்சளோடு நின்றுவிட்டது. ஒன்று ஆள் உயரம் வளர்ந்து மூன்றே காய் விட்டது. இரண்டு, காய்க்காமலே சுருண்டு செத்தன. கொழுந்தன் அவற்றுக்கு நடுவே நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசினான். செயலாளர் எடுக்கப்போகும் படத்தை நினைத்து, லென்ஸ் தேய்க்கும்போதுகூட அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணாடித் தூள் மூளைக்கு ஏறிவிட்டதா என்று முதலாளி கேட்டார்.

கூட்ட நாள் வந்தது. இம்முறை முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். கொழுந்தன் மேசைமேல் பன்னிரண்டு தட்டுகளை வரிசையாக வைத்தான். அவற்றைப் பார்த்துக் கூட்டம் கொஞ்சம் மௌனமானது. அந்த மௌனம் அவளுக்கு இனித்தது. பிறகு அவன் வாயைத் திறந்தான்.

ஒரே விதை உறை, பன்னிரண்டு ரகம் என்றான். இத்தனை வருடமும் இதற்காகத்தான் காத்திருந்தேன் என்றான். பட்டாணித் தரகர், மூக்குத் தரகர், மஞ்சள் தரகர் என்று பெயர் எழுதிய அட்டைகளைத் தட்டுகளில் செருகினான். கூட்டம் எழுந்து நின்று தட்டியது. ஓர் ஆய்வுக்கூடம் செய்யவேண்டியதை ஒரு தனிமனிதர் மொட்டைமாடியில் செய்திருக்கிறார் என்று செயலாளர் குரல் தழுதழுக்க அறிக்கை வாசித்தார். நனைந்த அட்டையின் பிள்ளைகளை ஆளுக்கொரு துண்டு தின்றுவிட்டு, அந்தக் காலத்து ருசி என்று தலையாட்டினார்கள். இந்த நாக்குகளுக்குத் தெரியவேண்டும் என்றா இவ்வளவு பாடுபட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது.

தட்டுகள் அவளிடமும் வந்தன. வேண்டாம் என்றால் நன்றாக இருக்காது. பெயர் வைக்காத ஒன்று இருந்தது. ரோஜா நிறத்தில், நுனி கூம்பிய பழம். குற்றம் கண்டுபிடிக்கத்தான் ஒரு துண்டை வாயில் போட்டாள். இன்னொன்று எடுத்தாள். மூன்றாவதையும் எடுத்தாள். புளிப்பு முதலில் வந்தது, இனிப்பு பின்னால் வந்து நின்றது. தோல் பல்லில் தங்கவே இல்லை. அவளுடையதைவிட நன்றாக இருந்தது.

வீட்டுக்குப் போய் வாயைக் கொப்பளித்தாள். தலைவலியா என்று கணவர் கேட்டார். உங்க தம்பிதான் என்றாள்.

மூன்று வாரம் கழித்து, முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரத்தில், கொழுந்தன் கடைக்கு வந்தான். கையில் டிபன் டப்பா. திறந்தான். பஞ்சுக்கு நடுவே அந்த ரோஜாப் பழம் ஒன்று, தோல் வெடிக்கும் பதத்தில் இருந்தது.

செடி வாடிவிட்டது என்றான். நாலு பழம்தான் மிச்சம் இருந்தது. விதை எடுக்கலாம் என்று முதல் பழத்தை அறுத்து, சுத்தமாக இருக்கட்டும் என்று கொதிக்கிற தண்ணீரில் கழுவினான். இரண்டாவதைப் பாட்டிலில் போட்டு மூடி மறந்துவிட்டான். திறந்தபோது விதைகள் உள்ளேயே முளைத்து வால் விட்டிருந்தன. மூன்றாவதைத் தகரத்தில் பரப்பி உச்சி வெயிலில் வைத்தான். வறுத்த கடுகு மாதிரி ஆகிவிட்டது. இதுதான் கடைசி.

அவள் ஒவ்வொன்றையும் ரசித்துக் கேட்டாள்.

"நீங்க ஆராய்ச்சியாளர்" என்றாள். "நான் லென்ஸ் தேய்க்கிறவ. எனக்கு என்ன தெரியும்?"

அவன் அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்து அவனை அவள் நீ என்றுதான் சொல்வாள். நீங்க என்றது அவனுக்கு உறைத்தது. டப்பாவை மேசைமேல் வைத்தான்.

"அண்ணி, அது உங்க விதை இல்லன்னு எனக்குத் தெரியும்."

தேய்க்கும் சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை நிறுத்தினாள்.

"எப்பலேர்ந்து?"

"நாலாவது இலைலேர்ந்து. உங்க செடி இலை மழுங்கலா இருக்கும். இது ரம்பம் மாதிரி இருந்துச்சு. இத்தனை வருஷமா தண்ணி ஊத்தறேன், அது கூடத் தெரியாதா?"

அவனுக்கு ஒன்றும் தெரியாது என்பதன்மேல்தான் அவள் முழுத் திட்டத்தையும் கட்டியிருந்தாள்.

"தெரிஞ்சும் ஏன் வளர்த்த?"

"பிடுங்கிப் போட்டுட்டு உங்ககிட்ட வந்து எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேக்கறது? கூட்டத்துல நான் உங்க பேரைச் சொல்லியிருந்தா நீங்க ஏன் இதைப் பண்ணப்போறீங்க." டப்பாவின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அடுத்த கூட்டத்துல சொல்லிடறேன். முதல்லேர்ந்து எல்லாம் உங்களோடதுதான்னு சொல்லிடறேன். இதை மட்டும் காப்பாத்திக் குடுங்க."

இத்தனை வருடம் அவள் கேட்க ஆசைப்பட்ட வாக்கியம். அவன் சொல்லிவிட்டான். அவள் அந்தக் கூட்டத்தை மனதில் ஓட்டிப் பார்த்தாள். செயலாளர் செருமுவார். அப்படியானால் இந்தப் பன்னிரண்டும் எங்கிருந்து வந்தன என்று கேட்பார். விவரம் கேட்காமல் எதையும் குறித்துக்கொள்கிற ஆள் இல்லை. கொழுந்தன் சொல்லித்தான் ஆகவேண்டும். கொழுந்தனுக்குச் சூப்பர் மார்க்கெட் தக்காளியைப் பிழிந்து கொடுத்த அண்ணி என்று ஒரு கதை எல்லா மாடிக்கும் போகும், அவள் சாகும்வரை திரும்பி வராது. அவனுக்கு வாய் இருக்கிறது, அதிலும் ஏதாவது ஒரு ஜன்னலைத் திறந்து காட்டிப் பிழைத்துக்கொள்வான். அவளுக்கு என்ன இருக்கிறது?

"வேணாம். ஒண்ணும் சொல்லாத."

"அப்ப பழம்?"

காலடியில் குப்பைக்கூடை இருந்தது. கை தவறிவிட்டது என்றால் நம்புவான். நம்பாவிட்டாலும் வெளியே சொல்லமாட்டான். அது போய்விட்டால் கட்டடத்திலேயே நல்ல தக்காளி மறுபடி அவளுடையது. அது தெரிந்த ஒரே ஆளும் அவள்தான். அவள் பழத்தை எடுத்தாள். உள்ளங்கையில் அது கனத்தது.

டீ டம்ளரை இரண்டு முறை கழுவினாள். கத்தியைத் துடைத்தாள். பழத்தைக் குறுக்கே அறுத்து, அறை அறையாக விரல் நுனியால் விதையைத் தள்ளினாள். ஒன்று மேசையில் விழுந்தது. திருகாணி எடுக்கும் இடுக்கியால் அதையும் எடுத்து உள்ளே போட்டாள்.

"கிட்ட வந்து பாரு. இன்னொரு தடவை சொல்லமாட்டேன்."

கிட்ட வந்து பார்த்தான். இதைப் போட்டால் இதே மாதிரி வருமா என்று கேட்டான். வராது என்றாள். இருபது செடி வைத்தால் பதினெட்டைப் பிடுங்கிப் போடவேண்டும். மிச்சத்தில் விதை எடுத்து அடுத்த வருடம் மறுபடி இருபது. இப்படியே ஆறு, ஏழு வருடம் போனால் ஒருவேளை நிலைக்கும்.

"எதைப் பிடுங்கறதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"உனக்கு எதுதான் தெரியும்? நான் மேல வந்து பிடுங்கறேன். நீ தண்ணி ஊத்து. அதுவரைக்கும் வீடு மாத்தக் கூடாது. கூட்டத்துல தக்காளின்ற பேச்சையே எடுக்கக் கூடாது."

கடைசி நிபந்தனையில்தான் அவன் முகம் விழுந்தது.

"ஏழு வருஷமா, அண்ணி?"

"இத்தனை வருஷம் நான் இருக்கல?"

சக்கரத்தைப் போட்டாள். அவன் ஏதோ சொல்லத் தொடங்கினான். சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.