இருட்டாத மாதம்

டிசம்பர் என்று குடைக்காரர் முடிவு செய்துவிட்டார். அவர் கணக்கில் பிசகே கிடையாது. தென்மேற்குப் பருவமழையில் நனையும் மலையடிவாரத்து ஊர் அது; டிசம்பரில் மழை ஓய்ந்துவிடும், கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஜூனில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். அப்போது கடையைப் பூட்டுகிறவன் குடை வியாபாரியே இல்லை. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டாமா? ஆகவே புருஷனும் பெண்சாதியும் முதல்முறையாக ஊர் சுற்றப்போவது டிசம்பரில், வடகோடியில் இருக்கும் அந்தக் குளிர்நாட்டுக்கு.

டிராவல்ஸ் அலுவலகத்துப் பெண்ணும் ஒத்து ஊதினாள். "குளிர்காலம்தான் அங்க சீசன்க்கா. ராத்திரியில வானம் முழுக்கப் பச்சை வெளிச்சம் ஆடும்" என்று கம்ப்யூட்டரைத் திருப்பிப் படம் காட்டினாள்.

குடைக்காரரின் மனைவி படத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப பகல் எப்ப வரும்?" என்றாள்.

"மத்தியானம் கொஞ்ச நேரம் வெளுக்கும்க்கா. மத்தபடி இருட்டுதான்."

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மாலைக்கண், மருந்துக்கு அடங்காத வகை. கடையின் பின்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, கறுப்புத் துணியைக் குடைக்கம்பி நுனியில் வைத்துத் தைப்பது அவள் வேலை. வெளிச்சம் இருக்கும்வரை அவள் தையலில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. பொழுது சாய்ந்தால் குடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஸ்கூட்டர்கள் கண்டபடி நிற்கும் சந்து வழியாக அவளைக் கைபிடித்து வீட்டில் கொண்டுபோய் விடுவார். ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை. அந்த நல்ல மனுஷர்தான் மாலைக்கண்காரியை இருட்டான ஊருக்கு இருட்டான மாதத்தில் கூட்டிப்போகப் பார்க்கிறார். கடை நினைப்பு வந்துவிட்டால் அவருக்கு வேறெதுவும் கண்ணில் படாது. அந்த வீட்டில் பார்வைக் கோளாறு யாருக்கு என்று சந்தேகமே வந்துவிடும்.

"இருட்டே வராத மாசம்னு அங்க ஏதாவது உண்டாம்மா?"

"ஜூன்க்கா. நடுராத்திரியிலயும் வெயிலடிக்கும். தூங்கத்தான் முடியாது."

"தூக்கத்த வீட்டுக்கு வந்து பாத்துக்கிறேன். ஜூனுக்கே போடு."

குடைக்காரர் தெருவில் இறங்கியதும் பிடித்துக்கொண்டார். "ஜூன்லயா? விளையாடுறியா? கடைய யாரு பாத்துக்கிறது?"

அவள் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றாள். அதற்குக் காரணம் இருந்தது. போன மாதம் கண் டாக்டர், பகல் பார்வையும் ஓரத்தில் சுருங்க ஆரம்பித்துவிட்டது, பார்க்க ஆசைப்பட்டதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று இருவரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். ஊர் சுற்றும் பேச்சே அதற்குப் பிறகுதான் கிளம்பியது.

இரண்டு மூன்று நாள் வீட்டில் இதே பேச்சு. கடைசியில் ஒரு மத்தியானம் கடையின் பின்பக்கத்தில் வைத்துக் குடைக்காரர் இறங்கி வந்தார், ஆனால் டிசம்பரை விட்டு இறங்கவில்லை. "இருட்டா இருந்தா உனக்கென்ன? நான் கையப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போகமாட்டேனா?"

"அதுக்குத்தான் டிசம்பர் வேணாங்கிறேன்."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. "என் கை அவ்வளவு கசந்துபோச்சா?"

"கசக்கலைங்க. இந்தக் கை இல்லன்னா நான் என்னிக்கோ சாக்கடையில விழுந்திருப்பேன்." தைத்துக்கொண்டிருந்த குடையை மடியில் வைத்தாள். "ஆனா சாயங்காலம் ஆனப்புறம் வாசல் தாண்டி ஒரு அடி நான் தனியா வச்சதில்ல. கண்ணு இருக்கறப்பவே ஒரு தரம், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், யார் கையையும் பிடிக்காம நடந்து பாத்துடணும். நீங்க வரலைன்னாலும் நான் ஜூன்ல போவேன்."

சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் குரல் பிசிறவில்லை.

"கை வேணாம்னா, நான் எதுக்கு அங்க?"

"பின்னால நடந்து வாங்க. நான் தனியா நடந்தேன்னு நாளைக்குச் சொல்ல ஒரு சாட்சி வேணும்ல."

குடைக்காரர் கடை முன்பக்கம் போனார். பிறகு மொத்தவியாபாரியிடம் அவர் போனில் பேசுவது கேட்டது.

"அண்ணே, ஜூன்ல எனக்குச் சரக்கு அனுப்பாதீங்க. கடை பூட்டியிருக்கும்... ஆமா, சீசன்தான், தெரியும்... மழைக்கு என்னண்ணே, அது அடுத்த வருஷமும் பெய்யும்."