எதிரே வந்த வண்டி

என் மரபணு என்னைப் போலவே சோம்பேறி என்று மெரெத்தெ சொல்வாள். வேலை முடிந்து நான் சோபாவில் சாய்ந்தால் போதும், "பாரு, அதுவும் அங்க இப்படித்தான் காலை நீட்டிப் படுத்திருக்கும்" என்று ஆரம்பித்துவிடுவாள் என் மனைவி. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். சொல்லி முடித்ததும் சமையலறைக்குப் போய்க் குழாயைச் சும்மா திறந்துவிட்டு நிற்பாள்.

எங்கள் மகள் டில்டெவுக்குப் பதினொரு வயது. ஒரு வார்த்தை பேசியதில்லை. சிரிப்பாள். தண்ணீரைக் கண்டால் கைகொட்டிச் சிரிப்பாள், வலிப்பு வந்து தெளிந்த பிறகும் சிரிப்பாள். எல்லோருக்கும் ஒவ்வொரு மரபணுவும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டாக வரும். அவளுக்குப் பழுதானதும் அப்படி ஒன்றுதான். ஆனால் இந்த ஒன்றை மட்டும், மூளைச் செல்கள் அம்மா கொடுத்ததிலிருந்துதான் படியெடுத்துப் பயன்படுத்தும். அப்பா கொடுத்தது சும்மா கிடக்கும். உங்களுக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான், யாருக்கும் அதனால் நஷ்டமில்லை. டில்டெ கருவானபோது மெரெத்தெ கொடுத்தது உடைந்து காணாமல் போய்விட்டது. யார் தப்பும் இல்லை என்று டாக்டர்கள் தலைபாடாய் அடித்துக்கொண்டார்கள். மெரெத்தெ காதில் அது ஏறவே இல்லை.

எனக்கோ வேறு வயிற்றெரிச்சல். நான் கொடுத்தது என் மகளின் மூளையில், ஒவ்வொரு செல்லிலும், முழுசாக இருக்கிறது. இருந்து என்ன புண்ணியம்? எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவள் வாயால் என்னை ஒரு தடவை அப்பா என்று கூப்பிட வேண்டும்.

நான் ஓர்ஹூஸ் நகரத்தில் பஸ் ஓட்டுகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ராக்ன்ஹில் போன் செய்தார். பல்கலைக்கழக ஆய்வகத்தில் இருப்பவர். டில்டெவின் ஐந்து வயதில் அவள் கையிலிருந்து துளித் தோல் எடுத்து, அதிலிருந்து மூளைச் செல்களை வளர்த்து வைத்திருப்பவர்.

"வில்லாட்ஸ், ஷிப்ட் முடிஞ்சதும் நேரா இங்க வாங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"வாங்கன்னா வாங்க. கேக் இருக்கு."

சீருடையைக்கூட மாற்றாமல் போனேன். மேசை மேல் கேக், அதில் எங்கள் ஊரில் பிறந்தநாளுக்குக் குத்துவதுபோல் குட்டிக் கொடிகள். யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டேன்.

"உங்க மரபணுவுக்கு. வேலைக்கு வந்துடுச்சு."

நுண்ணோக்கி முன்னால் என்னை உட்கார வைத்தார். கும்மிருட்டில் பச்சைப் புள்ளிகள் மினுங்கின. அப்பா கொடுத்ததைச் செல் படியெடுத்தால் பச்சையாக ஒளிரும்படி ஒரு அடையாளம் சேர்த்திருந்தார்களாம்.

"இத்தனை வருஷமா ஏன் தூங்குச்சு?" என்றேன்.

"தூங்கல, வில்லாட்ஸ். வழி இல்ல. அதே டி.என்.ஏ.வுல எதிர்ப்பக்கத்துல இருந்து இன்னொரு படியெடுப்பு நீளமா வந்துக்கிட்டே இருக்கும். அது ஓடுற வரைக்கும் உங்களோடது நகர முடியாது."

"ஒரு வண்டி மட்டும் போற சந்துல எதிர்ல பஸ் வந்த மாதிரியா?"

"அதேதான். ஒண்ணு போனா இன்னொண்ணு, வந்துக்கிட்டே இருக்கும்."

"நான் எஞ்சினை அணைக்காம சந்து முனையில நிக்கிறேன்."

"ஆமா. நாங்க இந்தச் செல்லுல போட்ட மருந்து எதிர் வண்டியைப் பாதி வழியிலயே நிறுத்திடுது. உங்க வண்டி கிளம்பிடுச்சு."

என் மகளின் செல். அதில் என்னுடையது. ஐயோ, எவ்வளவு நேரம் குனிந்தே இருந்தேன் என்று தெரியவில்லை. கண்ணாடி வில்லை நனைந்துவிட்டது, ராக்ன்ஹில் துடைத்துக் கொடுத்தார்.

"சரி, டில்டெவுக்கு எப்போ குடுக்கறீங்க?"

அவர் கேக்கை வெட்டப் போனார்.

"அடுத்த வருஷம் குழந்தைங்களுக்குக் குடுத்துப் பாக்கப் போறாங்க. ஏழு வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு மட்டும்."

"நாலு வருஷம்தானே கூட? கொஞ்சம் பாத்துச் செய்யக் கூடாதா?"

"அது என் கையில இல்ல."

"அவ தோலை எடுக்கும்போது மட்டும் வயசு பாத்தீங்களா?"

கத்திவிட்டேன். அங்கிருந்த மற்றவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ராக்ன்ஹில் கோபித்துக்கொள்ளவில்லை.

"பின்னால பெரிய பிள்ளைங்களுக்கும் வரும். நல்லாத் தூங்கலாம், வலிப்பு குறையலாம். பேச்சு..."

"சொல்லுங்க."

"பேச்சு பிடிபடுற வயசுன்னு ஒண்ணு இருக்கு. டில்டெ அதைத் தாண்டிட்டான்னுதான் நினைக்கிறோம். உங்ககிட்ட பொய் சொல்ல எனக்கு மனசு வரல."

வீட்டில் மெரெத்தெ ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பேசுவாளா?" நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவள் என் கோட்டைக்கூட வாங்கி மாட்டாமல் அப்படியே நின்றாள்.

திங்கட்கிழமை மூன்று பேருமாகப் போனோம். மெரெத்தெ நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். டில்டெ ராக்ன்ஹில்லின் முடியைப் பிடித்து இழுத்துக் கெக்கெக்கே என்று சிரித்தாள். "ஏய், விடுடி, இருக்கறதே நாலு முடி" என்று அவரும் சிரித்தார்.

"இதுவா நீ?" என்றாள் மெரெத்தெ.

"நான்தான்."

"அழகாத்தான் இருக்கே." கண்ணை எடுக்கவே இல்லை. "இத்தனை நாள் திட்டிட்டேனே."

எத்தனையோ மருந்துகள் தோற்ற பிறகு டில்டெவின் செல்லில்தான் இது தேறியது என்றார் ராக்ன்ஹில். முதலில் இதைப் பெறப்போவது மூன்று வயதுப் பெண் குழந்தை ஒருத்தி. அதற்கு மேல் சொல்லக் கூடாதாம்.

மெரெத்தெ நிமிர்ந்தாள். "அப்போ நம்ம பொண்ணு புண்ணியத்துல இன்னொருத்தன் பொண்ணு அவனை அப்பான்னு கூப்பிடும்."

முகம் தெரியாத அந்த ஆள்மேல் எனக்குப் பொறாமை பற்றிக்கொண்டு வந்தது. இப்போதும் இருக்கிறது, மறைக்க என்ன இருக்கிறது? டில்டெ என் சட்டைப் பொத்தானை வாயில் வைத்துச் சப்பினாள். அவளைத் தூக்கிக்கொண்டேன். பதினொரு வயதுப் பிள்ளை, இடுப்பு முறிகிற கனம். வாசல் வரை போனவன் திரும்பினேன்.

"ராக்ன்ஹில், அந்தக் குழந்தை அப்பான்னு சொன்னா எனக்கு ஒரு போன் பண்ணுங்க."

"சொல்லும்னு உறுதி இல்ல, வில்லாட்ஸ்."

"தெரியும்."

"சொன்னாலும் உங்களுக்குச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல. இன்னொரு வீட்டுப் பிள்ளை விஷயம்."

"அதுவும் தெரியும். பஸ் ஓட்டும்போது போன் எடுக்கக் கூடாதுன்னு எனக்கும்தான் விதி இருக்கு. நீங்க பண்ணுங்க, நான் எடுக்கிறேன்."