அப்பா கூப்பிட்ட தங்கம்

தன்னைப் பார்த்துக்கொள்ள வந்த நர்ஸம்மாவை அப்பா "தங்கம்" என்று கூப்பிட்டதைக் கேட்டதும், துணிக்கடையில் பில் போடும் மகளுக்கு பற்றிக்கொண்டு வந்தது. சின்ன வயதில் அவளைத்தான் அப்படிக் கூப்பிடுவார். வளர்ந்த பிறகு எங்கே போய் ஒளிந்ததோ அந்த வார்த்தை, இப்போது வந்தும் வேறொருத்திக்குப் போய்விட்டது!

"அப்பாவைக் கைக்குள்ள போட்டுக்கிட்டா," என்று புருஷனிடம் பொருமினாள்.

"மனசுல இடம் பிடிச்சிட்டான்னு சொல்லேன். நல்லாத்தானே பாத்துக்குறா?"

"நான் பாத்துக்கலையா? கால் விழுந்ததுலேருந்து ஒரு டம்ளரைக்கூட அவரை எடுக்க விட்டதில்ல. என்கிட்ட உம்முனு கிடந்த மனுஷன் அவகிட்ட வாய் ஓயாம பேசுறார். அவ வீட்டை எழுதி வாங்கினாத்தான் உங்களுக்குப் புத்தி வரும்."

இன்னொரு கூத்தும் நடந்தது. நர்ஸம்மா வந்ததிலிருந்து வீட்டில் ஒரு சாமான் உருப்படியாக இல்லை. டார்ச் எரியாது, மேஜை விசிறி சுற்றாது, ரேடியோ பேசாது. உள்ளே இருக்கும் நல்ல சாமானைக் கழற்றி விற்கிறாளோ? மகள் ஒருநாள் தலைவலி என்று கடையில் புளுகிவிட்டு மத்தியானமே வந்து, செருப்பைக் கையில் பிடித்தபடி சமையலறையை எட்டிப் பார்த்தாள்.

நர்ஸம்மா இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைத் திறந்து ஒயரைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! கையும் களவுமா மாட்டினியா?"

"ஐயோ, மெதுவா பேசுங்கக்கா, ஐயா காதுல விழுந்துடும்!" நர்ஸம்மா பதறிப்போனாள். "காலமெல்லாம் எலக்ட்ரீஷியனா இருந்தவரு. ரிப்பேருக்கு ஏதாவது குடுத்தாத்தான் எழுந்து உக்கார்றார், வயிறாரச் சாப்பிடுறார். இனிமே கழட்ட என்னக்கா இருக்கு? எல்லாச் சாமானும் ரெண்டு ரவுண்டு வந்தாச்சு."

அவரிடம் ஒரு உதவிகூடக் கேட்டதில்லையே நான் என்று நினைத்தபோது மகளுக்கு அழுகை முட்டியது. இஸ்திரிப் பெட்டியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போனாள்.

"அப்பா, இது சூடே ஏறலப்பா. எனக்கு ஒண்ணும் புரியல."

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இவ்ளோ வயசாச்சு, ஒரு பிளக்கு மாட்டத் தெரியல! அந்த ஸ்குரூ டிரைவரை எடு தங்கம்."

பின்னாலேயே வந்து வாசலில் நின்ற நர்ஸம்மா வழக்கம்போல உள்ளே காலை வைத்தாள்.

"உன்னை இல்லம்மா," என்றார் அப்பா, மகளிடம் கையை நீட்டியபடி.