பம்ப்பை விட்டு நகரக் கூடாது

உள்ளே ஆள் இருக்கும்வரை தீயணைப்பு வண்டி ஓட்டுநர் பம்ப்பை விட்டு நகரக் கூடாது. தண்ணீரின் வேகம் குறைந்தால், குழாயோடு உள்ளே போனவர்கள் கதி அதோகதிதான். அதனாலேயே இத்தனை வருடத்தில் அவன் ஒரு தீயைக்கூடக் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. "மாப்பிள்ளைக்கு வண்டிக்குக் காவல் இருக்கிற வேலை" என்று மாமியார் சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்திருந்தார்.

இன்று காலை எரிந்தது மாமியார் வீட்டின் கீழ்த்தளம். வாடகைக்கு இருந்த மெத்தைக் கடை. படிக்கட்டு முழுக்கக் கரும்புகை. மாமியார் மாடி பால்கனியில் நின்றுகொண்டிருந்தார், கைப்பையும் செருப்புமாக, கல்யாணத்துக்குக் கிளம்பியவர் போல.

இரண்டு பேர் குழாயோடு கடைக்குள் நுழைந்தார்கள். கூட வந்த இன்னொரு வீரன், எல்லாரும் நெட்டை என்று கூப்பிடுகிறவன், பால்கனிக்கு ஏணி போட்டு ஏறினான்.

"வாங்கம்மா, பிடிச்சுக்கிறேன்."

"நீ யாருப்பா? ஒட்டடைக்குச்சி மாதிரி இருக்கே. என் மாப்பிள்ளை வரட்டும்."

"அவர் வர முடியாதும்மா. பம்ப்புல நிக்கிறாரு."

"அது எங்க ஓடிடப் போகுது? வரச் சொல்லு."

அவன் வாசலில், பம்ப்பின் விசையில் கை வைத்தபடி நின்றான். புகை பால்கனியின் அடியைத் தொட்டுவிட்டது; மாமியார் இருமத் தொடங்கினார். மேலே போனால் உள்ளே இருவர். போகாவிட்டால் மேலே மாமியார். கெஞ்சினால் இறங்குகிற ரகமில்லை அவர். மிரட்டினால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்.

"அத்தை," என்று குரல் கொடுத்தான். "உங்க பொண்ணு உங்களைப் பத்திச் சொன்னது சரியாத்தான் இருக்கு."

பால்கனியில் இருமல் நின்றது. "என்ன சொன்னா?"

"இங்கிருந்து கத்த முடியாது. தெருவே நிக்குது."

"யார்கிட்ட சொன்னா?"

"இறங்கி வாங்க, சொல்றேன்."

மாமியார் செருப்பைக் கீழே எறிந்தார். கைப்பையை நெட்டையின் கழுத்தில் மாட்டினார். "தள்ளி நில்லு, உன் தலை மறைக்குது" என்று அவனை அதட்டிக்கொண்டே ஏணியில் இறங்கினார். கால் தரையில் பட்டதும் வெறுங்காலோடு நேராகப் பம்ப்பிடம் வந்தார்.

"இப்போ சொல்லுங்க."

அவன் மனைவி அம்மாவைப் பற்றி அப்படி எதுவும் சொன்னதேயில்லை. சொன்ன ஒன்றிரண்டும் வெளியே சொல்லக்கூடியவை அல்ல.

"நெருப்பு அணையட்டும் அத்தை."

"அதுவரைக்கும் இங்கேயேதான் நிப்பேன்."

சொன்னபடியே நின்றார். வேடிக்கை பார்க்க நெருங்கியவர்களை, "தள்ளுங்கப்பா, அவர் கையை எடுத்தா உள்ள ரெண்டு பேர் போயிடுவாங்க" என்று விரட்டவும் செய்தார். யார் சொல்லித் தெரிந்துகொண்டாரோ.

கடைக்குள் போன இருவரும் கரி பூசிய முகத்தோடு வெளியே வந்தபோது, தெருமுனையிலிருந்து அவன் மனைவி ஓடிவந்தாள். மூச்சிரைக்க, "அம்மா, உனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றாள்.

"அது இருக்கட்டும்," என்றார் மாமியார். "என்னைப் பத்தி இவர்கிட்ட என்னடி சொன்னே?"

மனைவி மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தாள்.

உள்ளே ஆள் யாருமில்லை. ஆனாலும் அவன் பம்ப்பை விட்டு நகரவில்லை.