மாமன் ரத்தம்

பெங்களூரிலிருந்து வந்த தேவயானி காமயகவுண்டன்பட்டியில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, அவள் பையில் ஒரு படமும் ஒரு பரிசோதனை முடிவும் இருந்தன. முடிவு கைக்கு வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. தொலைபேசியில் சொன்னால் பாதிதான் புரியும்; படத்தைக் காட்டி நேரில் விளக்குவதே முறை என்று அவள் காத்திருந்தாள்.

அக்கா பவுனு பாயில் படுத்திருந்தாள். அருகில் அவள் மகள் சிம்ரன், ஆறு வயதாகியும் பேச்சின்றி, துணி பிழிவதுபோல் கைகளை ஓயாமல் பிசைந்துகொண்டிருந்தாள்.

"படம் கொண்டாறேன்னியே ஆத்தா, சினிமாப் படமா?" என்றாள் தாய் பிச்சையம்மாள்.

"புரதத்தோட படம்மா."

சிம்ரனின் நோய்க்குப் பெயர் தெரிந்த ஆண்டே தேவயானி தன் ஆய்வை அந்தப் புரதத்தின் பக்கம் திருப்பியிருந்தாள். தாளை விரித்தாள். முறுக்கிய கயிறுபோல் டி.என்.ஏ.; அதைக் கவ்வியபடி ஒரு புரதம்.

"இது ஒரு பக்கம் மரபணுவப் பிடிக்கும். மறு பக்கம் வேற புரதங்களக் கூட்டியாந்து சேக்கும். அம்புட்டும் ஒண்ணாச் சேந்தாத்தான், எந்த மரபணுவப் படியெடுக்கலாம், எதை அடக்கி வைக்கணும்ங்கிற ஒழுங்கு மூளையில நிக்கும். சிம்ரனுக்கு இந்தா, இங்கன ஒரே ஒரு இடம் மாறிப்போச்சு. பிடி நழுவுது."

"மதகு ஷட்டரு பழுதானா வாய்க்காத் தண்ணி கண்டபடி பாயுமே, அப்படியா?" என்று கேட்டார் பாண்டியராஜன். அவர் பவுனுவின் கணவர். பிச்சையம்மாளின் உடன்பிறந்த தம்பி.

"ஆமா மாமா."

"சரி பண்ணலாமா?" என்றாள் பவுனு.

"முடியாதுக்கா. எங்கன பழுதுன்னு தெரியுது. அதுக்கு மேல ஒண்ணும் தெரியல."

ஒருவரும் அதற்கு வருந்தவில்லை, எதிர்பார்த்ததுதான். தேவயானி பரிசோதனை முடிவை எடுத்தாள்.

"உங்க ரெண்டு பேரு ரத்தத்துலயும் இந்த மாற்றம் இல்ல. இவளுக்குன்னு புதுசா வந்தது. தாய்மாமனக் கட்டுனதால வரல. அடுத்த பிள்ளைக்கு வர்றது ரொம்ப அபூர்வம்."

பிச்சையம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வயித்துல இருந்தத போன வாரந்தான் கலைச்சாக," என்றாள் பவுனு. "மாமன் ரத்தம், இதுவும் இப்படித்தான் பொறக்கும்னு ஊரே சொன்னாக. அதோட குடும்பக் கட்டுப்பாடும் பண்ணியாச்சு."

"என்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"சொந்தத்துல கட்டாதன்னு அன்னைக்கு லெக்சர் அடிச்சவ நீதானடி," என்றாள் தாய், திரும்பாமலே. "மறுபடியும் உன் வாயில விழணுமா?"

"எங்களுக்குப் பெறகு இவளப் பாக்க ஒரு ஆளு வேணும்னுதான் சொமந்தேன்," என்றாள் பவுனு.

தேவயானி படத்தை மடிக்கத் தொடங்கினாள். மடிப்பு நேராக அமையவில்லை. பிரித்து மீண்டும் மடித்தாள்.

"வெளிய யாருட்டயும் இதச் சொல்லாத தேவயானி. மாமன் ரத்தம்னே இருக்கட்டும். இல்லாட்டி, நல்ல பிள்ளைய அழிச்சோம்னு ஆயிரும்," என்றாள் பவுனு.

அனைவரும் பாண்டியராஜனைப் பார்த்தனர். அவர் சிம்ரனின் வாயோரம் வழிந்த எச்சிலைத் துண்டால் துடைத்தார்.

"இத்தன வருசமா அப்படித்தான பேசுறாக. பேசிட்டுப் போகட்டும்," என்றார்.