புகார் கொடுத்தாச்சு

மட்டுறுத்துநர் என்ற சொல்லை யார் கண்டுபிடித்தாரோ, அவரை ஒருநாள் நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும். வாயில் நுழையாத சொல். இணைய மன்றத்தில் சண்டை வந்தால் விலக்கிவிடுவது, கண்ட கண்ட விளம்பரங்களைக் கூட்டித் தள்ளுவது, வாய்க்கு வந்தபடி பேசுகிறவனை வெளியே அனுப்புவது, இதெல்லாம்தான் மட்டுறுத்துநரின் வேலை. எங்கள் மன்றத்துக்கு வாய்த்தவருக்கு நாங்கள் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்திருந்தோம். அவர் ஆணா பெண்ணா, தமிழ் படிக்கத் தெரிந்தவரா என்பதுகூட எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

மன்றம் ஒரு விளையாட்டுக் கம்பெனியுடையது. கைபேசியில் ஆடும் விளையாட்டு. உங்கள் கையில் ஒரு துறைமுகத்தைக் கொடுத்துவிடுவார்கள். கப்பல் வரும், சரக்கை இறக்கிக் கிடங்கில் அடுக்க வேண்டும், மழை வருவதற்குள் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். வருஷக்கணக்கில் ஆடினால் துறைமுகம் ஓர் ஊர் மாதிரி வளர்ந்துவிடும். ஆடுகிறவர்கள் சந்தேகம் கேட்டுக்கொள்ள வைத்த மன்றத்தில் தமிழுக்கும் ஒரு மூலை ஒதுக்கியிருந்தார்கள். கிரேனில் ஆரம்பிக்கிற பேச்சு சம்பந்தி சண்டையில் போய் முடியும். எந்தெந்த நாட்டிலிருந்தோ எழுதினார்கள். முகம் தெரியாது, பட்டப்பெயர் மட்டும்தான். நான் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்ப்பதால் என் பெயர் பல்லு.

மாமாவை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது நான்தான். அம்மாவின் தம்பி. வாடகைக் கார் ஓட்டியவர். இறங்க வேண்டிய இடம் வந்த பிறகும் கதையை முடித்துவிட்டுத்தான் ஆளை இறங்க விடுவார். அப்படிப்பட்ட மனுஷனுக்குத் தொண்டையில் புற்று வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது, பேச்சு போய்விட்டது. கழுத்தில் மூச்சு விடுவதற்கு ஒரு துளை, அதன்மேல் மறைப்பாக ஒரு சின்னத் துணி. தனி ஆள் என்பதால் எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தார்.

கைபேசியில் தட்டிக் காட்டுவார். ஆனால் அவர் தட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விட்டிருக்கும். அம்மா அவருக்குப் பதிலாகப் பேசப் பழகிக்கொண்டாள். "தூக்கம் எப்படி இருக்கு?" என்று டாக்டர் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்பார். "நல்லா தூங்குறான் டாக்டர்" என்பாள் அம்மா. இல்லை என்று அவர் தட்டி நிமிர்வதற்குள் டாக்டர் அடுத்த மாத்திரைக்குப் போயிருப்பார். பாசத்தில்தான் செய்தாள். ஆனாலும் அந்த நேரத்தில் மாமாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

மன்றத்தில் அந்தத் தொல்லை இல்லை. அங்கே எல்லோரும் தட்டித்தான் பேசியாக வேண்டும். ஊமைச் சங்கு என்று பெயர் வைத்துக்கொண்டார். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "ஏன்டா, நம்மள நாமளே அப்படிச் சொல்லிக்கணுமா?" என்றாள்.

மாமா தட்டிக் காட்டினார்: "கப்பல் வந்தா சங்கு ஊதணும்ல. ஊதாத சங்குக்கு வேற என்ன பேரு வைக்க?"

வந்த கொஞ்ச நாளிலேயே மூலை முழுக்க அவர் பிடியில் வந்துவிட்டது. கார் ஏறியதும் தூங்கிப்போன பயணி ஒருவரின் கதையை எழுதினார். இறங்கும் இடத்தில் எழுப்பினால், "நான் இங்க எதுக்கு வந்தேன்?" என்று இவரையே கேட்டாராம். திரும்பக் கொண்டுபோய் வீட்டில் விட்டபோது, "போன காரியம் என்னாச்சு?" என்று மனைவி கேட்க, "முடிஞ்சுது" என்றாராம். லேபில் பல் அச்சைத் தேய்த்துக்கொண்டே படித்துவிட்டு, ஒருவருடைய கடைவாய்ப் பல்லையே வீணாக்கினேன்.

இப்போது புகாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பதிவின் கீழும் புகார் என்று ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று பக்கத்தில் சிவப்பில் ஓர் எண் தெரியும். இடுப்புச் சதை கரைக்கும் எண்ணெய், அதிர்ஷ்டக் கல், வட்டியில்லாக் கடன் என்று விளம்பரம் போட்டுக் கொன்றார்கள். அழுத்தினோம். கிணற்றில் போட்ட கல்தான். தூங்குமூஞ்சி அசையவில்லை. வெறுத்துப்போன ஒரு நாளில், எங்களில் கணக்கர் என்று பெயர் கொண்டவர், யாரோ எழுதிய நகைச்சுவைக்குக் கீழே "சிரிச்சு வயிறு வலிக்குது. புகார் கொடுத்தாச்சு" என்று எழுதிவிட்டு உண்மையிலேயே பொத்தானை அழுத்தினார். அது தொற்றிக்கொண்டது. நல்லதாக யார் எதை எழுதினாலும் புகார் கொடுப்பது எங்கள் வழக்கமாயிற்று. மற்ற இடங்களில் கை தட்டுவார்கள் இல்லையா, அதுபோலத்தான்.

சிவப்பு எண் அதிகம் ஏறியது மாமாவுக்கு. சாப்பாட்டு மேசையில் கைபேசியை நீட்டி, "என் மேல எத்தனை புகார் பாருக்கா" என்று காட்டுவார். "யார் வம்புக்குடா போன?" என்று அம்மா ஒவ்வொரு முறையும் பதறுவாள். குரல் இல்லாமல் தோள் குலுங்க மாமா சிரிப்பார்.

பிறகு கொம்பன் வந்தான். அது அவனே வைத்துக்கொண்ட பெயர். பேக்கரி நடத்தும் ஓர் அம்மாவை அவன் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. மாமாவின் கதைக்குக் கீழே, "வாய் போனவனுக்கு வாய்க்கொழுப்பப் பாரு" என்று எழுதினான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் அவன் பதிவுக்கு யாரும் புகார் அழுத்தவில்லை. "அவனுக்குப் போய் அந்த மரியாதையா?" என்றார் கணக்கர். நாங்களும் அதை ஒப்புக்கொண்டோம். இதை நினைத்தால் இன்றும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

புகார் அழுத்துவதற்குப் பதிலாகக் கம்பெனிக்கே ஒரு மனு எழுதினோம். உங்கள் மன்றத்தில் கண்காணிப்பு என்று ஒன்று இருக்கிறதா, கேட்பார் இல்லாமல் கிடக்கிறது, இப்படியே போனால் கூட்டமாக ஆட்டத்தை விட்டு வெளியேறுவோம் என்று கணக்கர் எழுதிக்கொடுக்க, எல்லோரும் கீழே பெயர் போட்டோம். மாமாவும் போட்டார். எங்கள் கெட்ட நேரம், அந்த ஒரு முறை கம்பெனி கேட்டுவிட்டது. பழைய முறை ஒழிந்தது, இதுவரை வந்த புகார்கள் அனைத்தும் தூசி தட்டி எடுக்கப்பட்டு நடவடிக்கை எடுக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த அறிவிப்புக்கும் ஆளாளுக்குப் புகார் கொடுத்தோம்.

நான் வேலை முடிந்து வந்தபோது மாமா முன்னறையில் விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார். கைபேசியை என்னிடம் கொடுத்தார். தமிழ்ப் பிரிவிலேயே அதிகமான உறுப்பினர்கள் உங்கள்மீது புகார் அளித்திருக்கிறார்கள், உங்கள் நடத்தை சமூகத்துக்குத் தொல்லையாக இருப்பதால் நீங்கள் நீக்கப்படுகிறீர்கள் என்று இருந்தது. கீழே புகார் கொடுத்தவர்களின் பெயர்கள். கணக்கர், பேக்கரியம்மா, பல்லு. எல்லோரும் இருந்தோம். கொம்பன் மேல் ஒரு புகாரும் இல்லை. அவன் நல்ல பிள்ளையாக உள்ளேயே இருந்தான்.

"இது நம்ம விளையாட்டு மாமா. அவங்களுக்குப் புரியல. நான் பேசுறேன்" என்றேன்.

பேசினேன். வேடிக்கைக்கு அழுத்தியது என்று எழுதினேன். கணக்கரும் எழுதினார். எங்கள் கருத்துக்கு நன்றி என்று முதலில் பதில் வந்தது. விடாமல் நச்சரித்த பிறகு ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டார்கள். மாமாவே பதில் சொல்ல வேண்டும், அவருக்கு இரண்டு வழி. புகார்கள் பொய் என்று சொன்னால் அவர் திரும்பி வரலாம், ஆனால் பொய்ப் புகார் கொடுத்த அத்தனை பேரும் நீக்கப்படுவார்கள், அவரவர் துறைமுகமும் போய்விடும். தவறை ஏற்கிறேன் என்றால் விஷயம் அவரோடு முடியும். அவர் எழுதிய பழைய கதைகள் இருக்கும், வெளியாள் மாதிரி அவரும் வந்து படிக்கலாம், எழுதத்தான் முடியாது. பதிலே சொல்லாவிட்டால் எழுதியதெல்லாம் அழிந்துவிடும்.

கணக்கரைத் தொலைபேசியில் பிடித்தேன். அதுவரை குரல் கேட்டதில்லை, மெல்லிய குரல். மாமாவும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டேன்.

"இதுல யோசிக்க என்னங்க இருக்கு? பொய்யின்னே போடச் சொல்லுங்க. நாங்க பண்ணின கூத்து, நாங்கதான் போகணும். எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். சங்குக்காகப் போறதுன்னா போவோம்னுட்டாங்க."

மாமா கழுத்துத் துணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது அவருக்கு. எனக்கும்தான், மறைப்பானேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூவரும் மேசையில் உட்கார்ந்தோம். பொய் என்பதை அழுத்துங்கள் என்றேன். அவர் தட்டத் தொடங்கினார். இந்த முறை நானும் அம்மாவும் காத்திருந்தோம்.

"பொய்யின்னு போட்டா கணக்கர் போயிருவாரு. பேக்கரியம்மா போயிரும். நீயும் போயிருவ. அப்புறம் நான் யார்கிட்ட பேசுறது, கொம்பன்கிட்டயா?"

"அதுக்காக நீங்க செய்யாத தப்பை ஒத்துக்குவீங்களா? தியாகிப் பட்டம் யாரும் தரப்போறதில்ல மாமா."

"நான் ஒண்ணும் பண்ணலன்னு அவங்க அத்தனை பேருக்கும் தெரியும்ல. அது போதும் பாப்பா."

"அவன் ஒத்துக்க மாட்டான்டீ" என்று அம்மா என்னிடம் சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் மாமா 'தவறை ஏற்கிறேன்' என்பதை அழுத்திவிட்டார்.

அதன் பிறகு மன்றம் சுத்தமாகிவிட்டது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எண்ணெய் விளம்பரம் இல்லை. புகார் பொத்தானை யாரும் தொடுவதில்லை. சிரிப்பும் இல்லை. எல்லோரும் கிரேனைப் பற்றிக் கேட்டு, கிரேனைப் பற்றியே பதில் சொல்லிவிட்டுப் போனார்கள். ஊமைச் சங்கு என்ற பெயருக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்திருந்தது: 'தொல்லை கொடுத்ததை ஒப்புக்கொண்டவர்'. மாமா தினமும் சாயங்காலம் மன்றத்தைத் திறந்து மற்றவர்கள் எழுதுவதைப் படித்தார். சில நேரம் விரல் தானாகத் தட்ட எழும். தட்டுவதற்கு அங்கே கட்டம் இருக்காது.

புதிதாகச் சேர்ந்த ஒருவர், தூங்கிப்போன பயணியின் கதைக்குக் கீழே கேட்டார்: "நல்லா எழுதுறாரே, யார் இவரு? இத்தனை பேர் புகார் கொடுக்குற அளவுக்கு என்ன பண்ணினாரு?"

கொம்பன் பதில் சொன்னான்: "பொம்பளைங்ககிட்ட வாலாட்டியிருப்பான். வேற என்ன."

லேபில் மெழுகு அடுப்பில் காய்ந்துகொண்டிருந்தது. போட்டது போட்டபடி கிடக்க, நடந்ததையெல்லாம் எழுதிப் போட்டேன். நான் கண்ணை எடுப்பதற்குள் அது காணாமல் போனது. மட்டுறுத்தல் முடிவுகளை விவாதிப்பது விதிமீறல், மறுபடி எழுதினால் நீக்கம் என்று எச்சரிக்கை வந்தது. மெழுகு தீய்ந்து நாறியது. கணக்கருக்குச் செய்தி அனுப்பினேன். ஒரே ஒரு வரி எழுதுங்கள், எல்லோரும் சேர்ந்து எழுதினால் எத்தனை பேரைத்தான் நீக்குவார்கள் என்று கேட்டேன். "பார்க்கலாங்க. இப்ப நேரம் சரியில்ல. துறைமுகத்துல புதுசா ரெண்டு கப்பல் துறை திறந்திருக்கேன்" என்றார். பேக்கரியம்மா பதிலே போடவில்லை. அன்று முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொம்பனின் வரிக்குக் கீழே வெள்ளையாகவே கிடந்தது.

வீட்டுக்கு வந்தேன். மாமாவும் படித்துவிட்டார் என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. அம்மா சமையலறையில் இருந்தாள். அவர் கைபேசியைத் திருப்பிக் காட்டினார்.

"யாரும் ஒண்ணும் சொல்லலியா பாப்பா?"

"எல்லாரும் சொன்னாங்க மாமா. கணக்கர், பேக்கரியம்மா, ஒருத்தர் பாக்கியில்லாம எழுதினாங்க. எழுத எழுதக் கம்பெனிக்காரன் அழிச்சிட்டான். அதான் உங்களுக்குத் தெரியல."

மாமா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவை என்னால் பார்க்க முடியவில்லை. குனிந்து வேகமாகத் தட்டிவிட்டுக் காட்டினார்.

"ஐயோ, எழுத வேணாம்னு சொல்லு. எனக்காக வாயைக் கொடுத்து மாட்டிக்கப் போறாங்க."

சரி மாமா, சொல்லிவிடுகிறேன் என்றேன். யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.